பெயிண்ட் காயாத தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை மாவட்டத்தில் 31 வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுகாதார ஆய்வாளர் என்றால் பலருக்குப் புரியாது. ‘கொசு மருந்து சார்’ என்றால் புரியும். பிளீச்சிங் பவுடர் மூட்டையை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோமே, அந்த வேலைதான்.

நோய்க் காலத்தில் தலைவர்களின் நேர்மை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்காரன் நேர்மையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பாண்டிய மன்னனில் ஆரம்பித்து, சிலம்பு உடைந்ததில் முடிப்பான். அது உங்களுக்கே தெரிந்த கதை. எனக்குத் தெரிந்தது தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஐப்பசி மாதம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஒரே தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. நான் போய்ச் சேரும்போது காலை பத்து மணி இருக்கும். இந்த மாதிரி சமயத்தில் முதலில் பார்ப்பது மேல்நிலைத் தொட்டியைத்தான். நம் ஊர்த் தொட்டிகளில் எல்லாம் ‘தொட்டி கழுவிய நாள்’ என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது இனிமேல் நின்று படித்துப் பாருங்கள், சில ஊர்களில் போன ஆட்சியின் தேதிகூட இருக்கும்.

அந்த ஊரில் தேதி ஐந்து நாளைக்கு முந்தியது. சரி, கழுவித்தான் இருக்கிறார்கள், அப்படியானால் குழாயில்தான் எங்கேயோ சாக்கடை கலக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அண்ணாந்து ஏணியைப் பார்த்தபடி தூணில் கையை ஊன்றினேன். கை பிசுக்கென்று ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் நீல நிறத்தில் ஒரு எண், திருப்பிப் போட்டது போல. பெயிண்ட் காயவே இல்லை.

மோட்டார் போடுகிறவர் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய நகக்கண்ணிலும் அதே நீலம். நான் அவரைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். ஏணியில் ஏறி மூடியைத் திறந்தால் அடியில் நாலு விரல்கடை சேறு, மேலே மைனா இறகு மிதக்கிறது. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பாட்டி, கீழே இறங்கின என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தேதியவா சார் குடிச்சோம்?”

உடனே வேலையை ஆரம்பித்தோம். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பவுடர் கணக்கு. தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீடு வீடாக உப்புக் கரைசல் பொட்டலம். அதெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். ஒழுங்காகச் செய்யாதது ஒன்று உண்டு. அன்று மாலை மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. “சுவரில் என்ன தேதி இருக்கிறதோ அதையே உங்கள் ரிப்போர்ட்டில் போட்டுவிடுங்கள்.” போட்டேன். கையில் ஒட்டின நீலத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, அதே கையால் அந்தத் தேதியை எழுதினேன். அந்தத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பதிவேட்டில் காரணம் முதுமை என்று இருந்தது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை வந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஊராட்சித் தலைவரைக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியைக் கேட்பதற்குள் அந்த மனிதர் சொல்லிவிட்டார், தொட்டி கழுவி எட்டு மாதம் ஆகிறது, தேதியை மாற்றி எழுதச் சொன்னது தான்தான், மோட்டார் போடுகிற பையனை ஒன்றும் செய்யாதீர்கள் என்று. ஊரே கேட்டது. இப்போது பொய்க்காரன் யார்? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட நான். எனக்கு 17-ஏ மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. அரசு ஊழியர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆறு மாதம் இன்கிரிமென்ட் போனது. போன் பண்ணியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் பேச்சுக்கு ஏது ஏடு?

அந்தத் தலைவர் அடுத்த தேர்தலில் நின்றார், தோற்றார். உண்மை சொன்னவரை ஊர் கொண்டாடியது என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது தோல்விதான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குத் தேதிப் பைத்தியம். கேஸ் சிலிண்டர் மாற்றினால் தேதி, மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தால் தேதி. ‘சண்டை போட்ட தேதியையும் குறித்து வைத்திருக்கிறார்’ என்று வீட்டில் சொல்வார்கள். வைத்திருக்கிறேன். உண்மையை யாரும் என்றைக்காவது சொல்லிவிடுவார்கள். என்றைக்குச் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி. தெருவே படுத்துக் கிடக்கும் அன்றைக்குச் சொன்னால் அது மருந்து. வருடம் கழித்துச் சொன்னால் வெறும் செய்தி.

பெரிய இடத்துக்கு வருவோம். கட்சி பேச வரவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதாவைச் சென்னையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று அறிக்கை வந்தது. அப்புறம் 75 நாள். டிசம்பர் 5-இல் முடிந்தது. அந்த 75 நாளும் நாம் என்ன கேட்டோம்? இட்லி சாப்பிட்டார் என்று கேட்டோம். ஒரு வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், இதே மதுரையில் ஒரு பொதுக்கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மேடையேறி, அம்மா இட்லி சாப்பிட்டார், சட்னி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். இட்லிக்குப் பேர்போன ஊரில் வந்து இட்லிப் பொய்யை ஒத்துக்கொண்டார் என்று மறுநாள் டீக்கடைகளில் சிரித்தோம். ஒத்துக்கொண்டாரே, அதற்காக அவரைப் பாராட்டலாம். அந்த அளவுக்குக்கூட வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர்! ஆனால் தேதி? ஒரு வருடம் பிந்திய தேதி.

நடுவில் இன்னொன்று நடந்தது, அதுவும் நம் வாசலில். 2016 நவம்பரில் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல். கட்சி வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் படிவத்தில் பொதுச்செயலாளர் ஜெயலலிதா கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தது இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கையில் வீக்கம், தற்காலிகமாகக் கையெழுத்துப் போட முடியவில்லை என்று ஒரு மருத்துவர் சான்று கொடுத்திருந்தார். நாடெல்லாம் நலமாக இருக்கிறார் என்று பேச்சு, படிவத்தில் கைநாட்டு. எனக்கு அப்போது அந்த நீல பெயிண்ட்தான் ஞாபகம் வந்தது. எதிர்த்து நின்றவர் வழக்குப் போட்டார். அந்தப் படிவங்களை ஏற்றுக்கொண்டது சரியில்லை, தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 2019 மார்ச். ஜெயித்த ஏ.கே. போஸ் அதற்கு முந்தின ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். இல்லாதவருடைய வெற்றி செல்லாமல் போனது.

இதற்கு 32 வருடம் முன்னால் எம்.ஜி.ஆர். விஷயத்தைப் பாருங்கள். 1984 அக்டோபரில் படுத்தார், நவம்பரில் அமெரிக்கா கொண்டுபோனார்கள், டிசம்பரில் தேர்தல். ஆண்டிபட்டி அப்போது மதுரை மாவட்டம். வேட்பாளர் ஊரிலேயே இல்லை, மருத்துவமனைக் கட்டிலில் எடுத்த படத்தை ஊர் ஊராக வீடியோ டெக்கில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஜெனரேட்டர் வைத்துப் போட்டார்கள், நடுவில் டீசல் தீர்ந்து, டீசல் வரும்வரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அதுவும் பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரகம், பக்கவாதம் என்கிற சொற்கள் எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்தது அப்போதுதான். அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டேயே ஒரு டாக்டர். அவர் நோய்க்கு நோயின் பெயரைச் சொன்னார். தலைவருக்குப் பக்கவாதம் என்று தெரிந்தேதான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்று இப்போதும் சொல்கிறார்களே, அவர்களுக்கு ஆண்டிபட்டியைக் காட்ட வேண்டும்.

நோய்க்கு நோயின் பெயர் என்றேன். எங்கள் துறையில் அது பெரிய வித்தை. காலரா என்கிற சொல் எந்த அலுவலகத்துக்கும் பிடிக்காது. கடும் வயிற்றுப்போக்கு என்று எழுதினால் போதும். சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தானே காலரா என்று தெரியும்? அனுப்பாவிட்டால் காலரா இல்லை. டெங்கு வந்த வருடங்களில் பத்திரிகைகளில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று போட்டார்களே, எனக்கு அதைப் படித்தாலே சிரிப்பு வரும். கடித்த கொசுவுக்குத் தெரியும், ரத்தம் எடுத்த பையனுக்குத் தெரியும், பப்பாளி இலை அரைத்துக் கொடுத்த அத்தைக்குத் தெரியும். அறிக்கைக்கு மட்டும் மர்மம்.

விசாரணை ஆணையம் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயலலிதா மரணம் பற்றி விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமியை நியமித்ததும் அதே 2017 செப்டம்பர்தான். கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அறிக்கை வந்தது 2022 ஆகஸ்ட். அவரையே குறை சொல்ல முடியாது, நடுவில் மூன்று வருடம் போல உச்ச நீதிமன்றத் தடை இருந்தது. எய்ம்ஸ் மருத்துவர் குழு சிகிச்சை முறையாகத்தான் இருந்தது என்றது. ஆணையமோ சிலரை விசாரிக்க வேண்டும் என்றது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1952-ஆம் வருடச் சட்டப்படி ஆணையம் யாரையும் தண்டிக்க முடியாது. சாட்சி கேட்கலாம், ஏடுகளைக் கொண்டுவரச் சொல்லலாம், அறிக்கை கொடுக்கலாம். அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குள் அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு. ஆக, ஆணையம் என்பது ஏடு படிக்கிற வேலை. அந்த 75 நாளும் சிசிடிவி கேமராக்கள் அணைத்துத்தான் இருந்தன என்று மருத்துவமனையின் தலைவரே 2018-இல் செய்தியாளர்களிடம் சொன்னார். நோயாளியின் அந்தரங்கம் என்பது காரணம், நியாயமாகவே இருக்கட்டும். எழுதாததை எந்த நீதிபதி வந்து படிப்பார்?

எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று இருக்கிறது. 2020-இல் கொரோனா சாவுக் கணக்கு. அரசு தினமும் ஒரு எண் சொன்னது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. செய்தி வெளியே வந்ததும் குழு போட்டு, ஏட்டையும் மருத்துவமனைக் கணக்கையும் ஒப்பிட்டு, ஜூலை 22-இல் 444 சாவுகளைச் சேர்த்து அறிவித்தார்கள். ஐந்து வருடம் ஆகவில்லை, சில வாரம்தான். யாரோ ஒரு குமாஸ்தா அன்றன்றைக்கு ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். அவர் யாரென்று தெரிந்தால் ஒரு கும்பிடு போடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். லண்டன் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறிப்பெல்லாம் எடுத்து வந்தேன். சுருக்கிவிடுகிறேன்.

2020 சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மீனாட்சி கல்யாணத்துக்கு ஊர் இல்லை. பெண்கள் வீட்டில் நேரலையைப் பார்த்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. சொன்னதைக் கேட்டோம். பிரிட்டனிலும் ஜனங்கள் கேட்டார்கள். 2021 ஏப்ரலில் கணவரின் இறுதிச் சடங்கில் அந்த ஊர் ராணியே தனியாகத்தான் உட்கார்ந்தார். அதற்கு முந்தின இரவு பிரதமர் அலுவலகக் கட்டடத்தில் விருந்து நடந்திருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு. போலீஸ் விசாரித்து 126 அபராதம் போட்டது. வேறொரு கூட்டத்துக்காகப் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கும் ஒன்று, 50 பவுண்டு. பதவியில் இருக்கும்போதே. விதியெல்லாம் சரியாகக் கடைப்பிடித்தோம் என்று நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதற்குத் தனி விசாரணை. 2023 ஜூனில் அறிக்கை வருவதற்கு முன்பே எம்.பி. பதவியை விட்டுப் போனார். அங்கேயும் மாட்டிவிட்டது போட்டோவும் ஈமெயிலும்தான், எல்லாவற்றிலும் தேதி இருந்ததே.

தம்பி இப்போது ஒரு விரல் காட்டுகிறார். உங்கள் ஊர்த் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவது எப்படி என்று கடைசியாகச் சொல்வதாக இருந்தேன். அதற்கு நேரமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தபால் ரசீதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள், மை சரியாக இருக்காது. வணக்கம்.