ஆர்லிங்டனில் யாருக்கு இடம்? பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காகத் தேடித் தெரிந்துகொண்டது

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வீட்டின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். போன வாரம் இங்கே அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குப் போயிருந்தேன். படைவீரர்களை அடக்கம் செய்கிற இடம். ஆனால் அங்கே கேமராவை வெளியே எடுக்கவில்லை. வார நாட்களில் தினமும் இருபதுக்கு மேல் அடக்கங்கள் நடக்கிற இடம் அது. ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கும்போது அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப மனசு வரவில்லை.

இதையெல்லாம் நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா. என் பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் மூன்று வருடம் ராணுவத்தில் இருந்தவர். "என்னை ஆர்லிங்டனில் புதையுங்கள்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காலமான அன்று, இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்கிறவர்கள் அவருடைய மனைவியிடம், எங்களுக்குப் பாட்டி, போனில் "அவருக்குத் தகுதி இல்லை" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டார்கள். பாட்டி கையில் போனோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "மூன்று வருடம் போதாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரும், நானும்தான், அமெரிக்க ராணுவத்தில் இருந்த எல்லோரையும் ஆர்லிங்டனில் புதைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. ஆர்லிங்டன் ராணுவத்தின் கையில் இருக்கிறது. மற்ற தேசியக் கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவை முன்னாள் படைவீரர் நலத் துறையின் கையில். இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு.

ஆர்லிங்டனில் மண்ணுக்குள் அடக்கம் செய்வதற்கான வாசல் குறுகலானது. பணியில் இருக்கும்போதே இறந்தவர்கள், ராணுவ ஓய்வூதியம் வாங்கும் அளவுக்கு நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர்கள், சில்வர் ஸ்டார் அல்லது அதற்கு மேலான வீரப் பதக்கம் வாங்கியவர்கள், போரில் காயம்பட்டு பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர்கள், எதிரியிடம் போர்க்கைதியாக இருந்தவர்கள், ஜனாதிபதியாக இருந்தவர்கள். முக்கியமானவை இவை. இவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதே குழியில் இடம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரே குழிதான். முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கவும் முடியாது. இறந்த பிறகுதான் தகுதியைப் பார்ப்பார்கள்.

மூன்று வருடம் இருந்து, பதக்கமும் காயமும் இல்லாமல் நல்ல பெயரோடு வெளியே வந்த நம் தாத்தா இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆனால் அந்தப் போன்காரர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. ஆர்லிங்டனில் அஸ்தி மாடங்கள் இருக்கின்றன. 1980-ல் திறந்தது. பயிற்சிக்காக மட்டும் இல்லாமல், ஒரே ஒரு நாள் முழுநேரப் பணி செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டிருந்தால்கூட அங்கே அஸ்தி வைக்கலாம். அதாவது தாத்தாவுக்கு ஆர்லிங்டனில் இடம் இருந்தது. மண்ணில்தான் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இங்கே ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள், அந்தப் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் எப்படியும் தகனம்தானே செய்கிறோம். கல்லில் பொறிக்க அனுமதித்திருக்கும் மதச் சின்னங்களில் ஓம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இடம் இல்லை. 639 ஏக்கர்தான். 1864-ல் தொடங்கியது, இதுவரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1963-ல் கென்னடியை அங்கே அடக்கம் செய்த பிறகு ஆர்லிங்டன் கேட்பவர்கள் மளமளவென்று கூடிப்போக, 1967-ல் விதியை இறுக்கினார்கள். 2018-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இந்த இடம் இன்னும் நீண்ட காலத்துக்கு அடக்கம் நடக்கும் இடமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. ராணுவம் அதை 150 வருடம் என்று கணக்குப் போட்டது. அதன்படி 2020-ல் ஒரு வரைவு வெளியிட்டார்கள். அதில், இருபது வருடம் பணி செய்து ஓய்வு பெற்றவராகவே இருந்தாலும், அது மட்டும் போதாது, மண்ணில் இடம் இல்லை, அஸ்தி மாடம்தான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபது வருடம் ஊர் ஊராக மாற்றலாகி அலைந்தவர், அந்த நம்பிக்கையில் உயில் எழுதி வைத்திருப்பார். இனிமேல் சேர்கிறவர்களுக்கு விதியை மாற்றுங்கள், ஏற்கனவே உழைத்து முடித்தவர்களுக்கு மாற்றாதீர்கள்.

விதி ஒருவரை வெளியே தள்ளினால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதற்கு எலைன் ஹார்மன் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காக விமானம் ஓட்டிய பெண்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் ஒருவர் எலைன். பணியில் 38 பேர் இறந்தார்கள். அப்போது அவர்களை ராணுவம் என்றே கணக்கில் எடுக்கவில்லை. 1977-ல்தான் முன்னாள் படைவீரர்கள் என்ற தகுதி வந்தது. எலைன் ஹார்மன் 2015-ல் தம் 95-வது வயதில் காலமானார். தம் அஸ்தி ஆர்லிங்டனில்தான் இருக்க வேண்டும் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். 1977-ல் வந்த தகுதி ஆர்லிங்டனுக்குச் செல்லாது, முடியாது என்றது ராணுவம். குடும்பம் அஸ்தியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. 2016 மே மாதம் காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டது. செப்டம்பர் 7 அன்று அவரை ஆர்லிங்டனில் வைத்தார்கள். போன வாரம் மாடங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, தாத்தாவுக்கு வருவோம். பாட்டிக்குத் தகனத்தில் விருப்பமில்லை. அதனால் குவாண்டிகோ தேசியக் கல்லறைக்கு விண்ணப்பித்தோம். இதே வர்ஜீனியாவில்தான் இருக்கிறது, முன்னாள் படைவீரர் நலத் துறையின் இடம். அங்கே அவருடைய மூன்று வருடம் தாராளமாகப் போதும். 1980 செப்டம்பர் 7-க்குப் பிறகு சேர்ந்த சிப்பாய்களுக்குப் பொதுவாக 24 மாதத் தொடர் பணி வேண்டும், அவர் அதற்கு முன்பே இருந்தவர். குழி, கல், பராமரிப்பு, சவப்பெட்டி மேல் போர்த்தும் கொடி, எதற்கும் காசு இல்லை. இந்தத் துறையிடம் உயிரோடு இருக்கும்போதே தகுதியை உறுதி செய்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அவர்கள் கேட்டது ஒரு காகிதம். டிடி-214, பணியிலிருந்து விடுவித்த சான்று. அது இல்லாவிட்டால் அலைச்சல்தான். 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் ராணுவக் கோப்புகள் போய்விட்டன. பாட்டி சமையலறையில் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். கார் இன்சூரன்ஸ், பேரப்பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு, அதற்கும் கீழே நான்காக மடித்த அந்தக் காகிதம். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் முக்கோணமாக மடித்த கொடியைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் அந்தக் காகிதத்தை அதே டப்பாவில் அடியில் வைத்து மூடினார். "இதை வைத்துத்தானே என்னையும் அவர் பக்கத்தில் வைப்பார்கள்" என்றார்.