முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய பாடம்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்வி அதிகாரி அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இளையோரிடம் தலைகாட்டும் பாலியல் அத்துமீறலை எப்படித் தடுப்பது? பள்ளி, வீடு, கைபேசி என்று மூன்றைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

பள்ளியில் தொடங்குகிறேன். குழந்தைக்குத் தீங்கு செய்பவன் என்றதும் முகம் தெரியாத ஒரு பெரியவனைத்தான் நினைக்கிறோம். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு கதை சொல்கிறது. சிறார் மீது பாலியல் குற்றம் செய்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சிறார்களே. எல்லை எது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் எப்போது சொல்லிக்கொடுத்தோம்?

ஓர் ஆசிரியை சொன்னதைக் கேளுங்கள். அவர் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன். கண்டவரையெல்லாம் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பான். 'வேண்டாம்' என்று எதிரில் இருப்பவள் கத்தினால், அதுவும் விளையாட்டு என்று சிரிப்பான். ஆசிரியை அடிக்கவில்லை. ஒரு விளையாட்டு வைத்தார். ஒருவர் நடந்து வர வேண்டும். எதிரில் இருப்பவர் 'நில்' என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். முதலில் அவனால் நிற்கவே முடியவில்லை. அப்புறம் பழகிக்கொண்டான். ஒரு நாள் வீட்டுக்கு வந்த மாமா கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினாராம். பையன் கையை உயர்த்தி, 'மாமா, நில்லுங்க!' என்றானாம். மாமாவும் அப்படியே நின்றுவிட்டாராம்! பாட்டிக்குத்தான் கோபம், பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று. அம்மா சொன்னாராம்: "அத்தை, அவன் சரியாத்தான் சொல்றான்."

இதைத்தான் பாடமாக வையுங்கள் என்கிறோம். சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, ஐந்து வயதிலிருந்தே வயதுக்கேற்ப இதைத் தொடங்கச் சொல்கிறது. பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே பாலுறவில் இறங்குவதில்லை என்பதையும் சான்றுகளோடு சொல்கிறது.

ஆனால் பாடம் மட்டும் போதாது. அடுத்த பிள்ளையிடம் தகாதபடி நடக்கும் குழந்தைக்கே யாராவது தீங்கு செய்திருக்கலாம். பார்க்கக்கூடாத படத்தைப் பார்த்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்துப் பேச ஆள் வேண்டாமா? அதனால்தான் எங்கள் இயக்கம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரைக் கேட்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடு என்கிறோம். அணை கட்ட ஆள் போடுங்கள் என்றால் நிதி இல்லை என்கிறார்கள். கல்வி அதிகாரி அவர்கள் மேடையில் இருக்கும்போதே உரிமையோடு கேட்கிறேன், இந்த ஆண்டே நிதி ஒதுக்கப் பரிந்துரை செய்யுங்கள்.

வீட்டைப் பற்றியும் கைபேசியைப் பற்றியும் பேச நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.