பாய்லர் அணைந்து இரண்டு நாள்... முள் மட்டும் நாலு கிலோவில்! எந்த பிரஷர் கேஜ் வாங்குவது?

(திரையில்: அணைந்து கிடக்கும் பாய்லர். கேமரா டயலை நெருங்குகிறது.)

வணக்கம் மக்களே! இந்த பிரஷர் கேஜின், அதாவது அழுத்தமானியின், முள்ளைப் பாருங்கள். நாலில் நிற்கிறது. ஆனால் பாய்லரை அணைத்து இரண்டு நாள் ஆகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் எடுத்த காட்சி இது. நான் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன். பாய்லர் பார்க்கும் அண்ணன் சிரித்தார். "இன்னா தம்பி, தட்னா எறங்குமா? அது நாலுலயே குடித்தனம் பண்ணுது."

இது ஏன் இப்படி ஆனது என்று புரிந்தால் கேஜ் வாங்குவதில் பாதி புரிந்த மாதிரி. அழுத்தத்துக்கு இலக்கணம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான், தாண்டிவிடுவோம். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் "பத்து கிலோ" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து கிலோ. கிட்டத்தட்ட 10 பார். டயர் கடைக் கணக்கில் 142 பி.எஸ்.ஐ. அவ்வளவுதான்.

(திரையில்: காகிதப் பீப்பி. ஊதும் சத்தம்.)

இதுதான் எனக்குப் பிடித்த இடம். குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் குழந்தைகள் கையில் இது இருக்கும். சுருண்டு கிடக்கும், ஊதினால் நாக்கை நீட்டும், விட்டால் திரும்பச் சுருளும். கேஜுக்குள் இருப்பதும் இதன் அண்ணன்தான்! தட்டையாக அமுக்கிய ஓர் உலோகக் குழாயை அரைவட்டத்துக்கு மேல் வளைத்து, ஒரு முனையை அடைத்திருப்பார்கள். அழுத்தம் உள்ளே போனால் தட்டைக் குழாய் உப்பப் பார்க்கும், அதனால் வளைவு கொஞ்சம் நிமிரும். நுனி நகர்வது சில மில்லிமீட்டர்தான். அதைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுற்றுகிறது. பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை வாங்கியது. 175 வருடம் தாண்டியும் ராணிப்பேட்டை சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இந்தப் பீப்பி இருக்கும். நான் ஒரு பழைய கேஜைப் பிரித்து, வாயால் ஊதிக்கூடப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. என் நுரையீரலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

சரி, நம்ம முள் ஏன் நாலில் நிற்கிறது? பத்து கிலோ நீராவி என்றால் சுமார் 184 டிகிரி சூடு. அது நேராகக் குழாய்க்குள் போனால் உலோகம் துவண்டுவிடும். விரிந்தது விரிந்தபடி கிடக்கும், மழையில் நனைந்த பீப்பி மாதிரி. இதைத் தடுக்கத்தான் கேஜுக்குக் கீழே ஒரு சுருள் குழாய் போடுவார்கள். சைபன் என்பார்கள், பன்றி வால் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். அந்த வளைவில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தங்கிவிடும். அழுத்தம் தாண்டிப் போகும், சூடு தாண்டாது. இங்கே கேஜ் மாற்ற வந்தவர் "இடிக்குது" என்று சைபனைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் உள்ளே ஆறு கிலோ இருந்தால் முள் பத்து காட்டியது. தோல் ஏன் காயவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு வாரம் கத்தினாராம், பாவம்!

அடுத்தது ரேஞ்ச், அதாவது டயல் எத்தனை கிலோ வரை காட்டும் என்பது. பத்து கிலோ லைனுக்கு 40 கிலோ கேஜ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், "பெரிசா இருந்தா சேஃப்" என்று. பையன் வளர்வான் என்று தீபாவளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது போல. இங்கே அது வேலைக்கு ஆகாது. டயலில் 1.6 கிளாஸ் என்று போட்டிருந்தால் தவறு முழு ரேஞ்சில் 1.6 சதவீதம் வரை வரலாம். 40 கிலோ கேஜில் அது 0.64 கிலோ. 16 கிலோ கேஜில் கால் கிலோதான். தினமும் ஓடும் அழுத்தத்தில் முள் டயலின் நடுவை ஒட்டி, முக்கால் பங்கைத் தாண்டாமல் நிற்க வேண்டும்.

ஆனால் கடையில் "எத்தனை கிலோ?" என்று கேட்கிறார்களே தவிர "உள்ளே என்ன ஓடுது?" என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா என்றால் பித்தளைக் கேஜ் பக்கமே போகாதீர்கள், பித்தளையில் இருக்கும் செம்பை அம்மோனியா தின்றுவிடும். ஆக்சிஜன் என்றால் எண்ணெய் படாத கேஜ் வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தீப்பிடிக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பில் சேறு ஓடும். கேஜுக்குள் போகும் சின்னத் துளை அடைத்துக்கொண்டால் முள் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே நடுவில் ஒரு மெல்லிய தகடு வைத்த டயாஃப்ரம் சீல் வேண்டும். பம்ப் அதிர்கிற இடத்தில், முள் துடிக்காமல் இருக்க, கிளிசரின் நிரப்பிய கேஜ்.

கன்ட்ரோல் ரூமுக்கு அளவு போக வேண்டும் என்றால் டிரான்ஸ்மிட்டர், அழுத்தத்தைக் கரண்டாக மாற்றி ஒயரில் அனுப்பும் கருவி. அது பூஜ்ய அழுத்தத்துக்கு 4 மில்லிஆம்பியர் அனுப்பும், முழு ரேஞ்சுக்கு 20. ஏன் 4இல் தொடங்குகிறது? ஒயர் அறுந்தால் 0 வரும். அழுத்தம் இல்லையா, ஒயர் இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். எவ்வளவு சின்ன யோசனை பாருங்கள்! ஆனாலும் பக்கத்திலேயே ஒரு முள் கேஜும் வையுங்கள். கரண்ட் போனாலும் அது பேசும்.

உங்கள் கம்பெனியில் பொய் சொல்லும் முள் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம்.

(திரையில்: புது 16 கிலோ கேஜ், கீழே சைபன். கேமரா சுவருக்குத் திரும்புகிறது.)

பழைய கேஜை அண்ணன் வீசவில்லை, பாய்லர் ரூம் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "பாரு தம்பி, எப்பவும் நாலு. எப்ப பார்த்தாலும் டீ டைம்."