நின்று பார்க்க ஒரு வாகனம் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், சபையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

கிரேக்கத் தீவான கிரீட்டுக்கு விடுமுறையில் செல்லும் ஒரு குடும்பம் தீவைச் சுற்றிப் பார்க்க ஏற்றது வாடகைக் காரா, பேருந்தா என்பதே இன்றைய கேள்வி. இந்த மண்டபத்தில் இருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் கோடையில் இலண்டனிலிருந்து அந்தத் தீவுக்கு விமானம் ஏறியிருக்கும் என்பது என் துணிபு. ஆகவே தெரிந்த இடத்தைப் பற்றித் தெரிந்தவர்களிடம் பேசுகிறேன். வாடகைக் காரே சிறந்தது என்பது எங்கள் அணியின் முடிவு.

முதலில் நிலத்தைப் பாருங்கள். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பரப்பு 8,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். நடுவே 2,456 மீற்றர் வரை உயரும் மலைகள். வடகரையில் ஹானியா, ரெத்திம்னோ, ஹெராக்லியோன், ஆயியோஸ் நிக்கோலாஸ் ஆகிய நகரங்களை ஒரு நெடுஞ்சாலை இணைக்கிறது. அந்தச் சாலையில் கேடெல் எனப்படும் வெளியூர்ப் பேருந்துகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீற்றர் தொலைவிலுள்ள க்நோசோஸ் அரண்மனைக்கும் நகரப் பேருந்தே போதும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மலையைக் கடந்து தெற்கே இறங்குங்கள். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிய சட்டங்களைக் கொண்ட கோர்த்தின், அதற்கு மேற்கே குன்றின் மேல் ஃபைஸ்தோஸ் அரண்மனை, அதையும் தாண்டினால் பாறைச்சரிவில் குகைகள் குடைந்த மாத்தலா கடற்கரை. காரில் சென்றால் இந்த மூன்றையும் ஒரே பகலில், மனம் நிறையும்வரை நின்று பார்க்கலாம். பேருந்தில் சென்றால் ஒவ்வோர் இடத்திலும் நம் கண் கல்வெட்டில் இருக்காது, கைக்கடிகாரத்தில் இருக்கும்.

சமாரியா பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டி எதிரணியின் முதல் பேச்சாளர் ஒரு வாதம் வைத்தார். ஓமலோஸ் மேட்டில் காரை நிறுத்திவிட்டு 16 கிலோமீற்றர் நடந்து கீழே ஆயியா ரூமெலியை அடைந்தால், அங்கிருந்து படகில்தான் வெளியேற முடியும், கார் மலை உச்சியிலேயே நிற்கும் என்றார். சரியான வாதம். அந்த ஒரு நாள் காரை விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் போவோம். பாலோஸ் கடற்கரைக்குச் செல்லும் மண்பாதையில் டயர் கிழிந்தால் பல வாடகைக் காப்புறுதிகள் பணம் தரா என்றார். அதுவும் உண்மை. கிஸ்ஸாமோஸ் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டுப் படகில் போவோம். இவ்விரண்டு இடங்களுக்காக முழுத் தீவையும் பேருந்தின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

இப்போது அவருடைய அடுத்த கூற்றுக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் கைதட்டிய கூற்று அது. "வாடகைக் கார் எடுக்கும் குடும்பத்தில் நான்கு பேர் விடுமுறையில் இருப்பார்கள், ஒருவர் வேலையில் இருப்பார். அந்த ஒருவர் சாரதி. அவர் பார்ப்பதெல்லாம் முன்னால் போகும் வண்டியின் முதுகு" என்றார்.

நடுவர் அவர்களே, எங்கள் குடும்பத்தில் அந்தச் சாரதி நான். என் கணவரும் இரு பிள்ளைகளும் அம்மாவும் பயணிகள். ஆகவே இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

சாரதி எதையும் காண்பதில்லை என்று சொல்லிவிடுவது எளிது. பாரதப் போரில் தேரைச் செலுத்தியவர் கண்ணன். பின்னால் வில்லோடு அமர்ந்திருந்தவன் களத்தைப் பார்த்துக் கலங்கினான். கடிவாளம் பிடித்தவரே அந்தக் களத்தின் முழுமையையும் கண்டார், கண்டதை எடுத்தும் சொன்னார். சாரதியின் இருக்கையைக் குறைத்துப் பேசுவதற்கு முன் அந்தத் தேரை ஒருமுறை நினைத்துக்கொள்ளும்படி சகோதரரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிரீட்டில் சாரதி அந்தத் தீவின் மனிதர்களோடு உரையாடிக்கொண்டே போகிறார். வண்டி இங்கே இலண்டனில் இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். அது முதல் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழக வேண்டியது வேறு. இங்கே ஒருவர் முன்விளக்கைச் சிமிட்டினால் "நீங்கள் போங்கள்" என்கிறார். கிரீட்டில் சிமிட்டினால் "நான் வருகிறேன், வழி விடுங்கள்" என்கிறார். இலங்கையில் நம் ஊர்ச் சாலைகளில் சிமிட்டுவதும் அதே பொருளில்தான். வடகரை நெடுஞ்சாலையில் மெதுவாகச் செல்பவர் வலது ஓரத்துக்கு ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு இடம் கொடுப்பார். கடந்து செல்பவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். மலைச்சாலையில் ஆடுகள் படுத்திருந்தால் அவை எழும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். இவற்றைப் பார்த்தது யார்? பின்னிருக்கையில் உறங்கியவர்களா, சாரதியா?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ரெத்திம்னோவிலிருந்து அர்க்காதி மடத்துக்குப் போனோம். 1866 நவம்பரில் ஒட்டோமன் படை சூழ்ந்தபோது, உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும், சரணடைய மறுத்து வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்ட இடம் அது. கூரையற்ற அந்த வெடிமருந்து அறைக்குள் நின்றுவிட்டு வந்த எங்களுக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. அங்கிருந்து அமாரிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே இறங்கும்போது, வழிகாட்டிக் கருவி எங்களை ஒரு சிறிய கிராமத்துக்குள் அழைத்துச் சென்றது. சாலை ஒடுங்கியது. இன்னும் ஒடுங்கியது. இருபுறமும் வெள்ளைச் சுவர்கள். கடைசியில் இடப்பக்கச் சுவருக்கும் காரின் பக்கக் கண்ணாடிக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. எதிரே ஒரு காப்பிக்கடை, அதன் மேசைகளும் நாற்காலிகளும் சாலையிலேயே இருந்தன, நாற்காலிகளில் முதியவர்கள்.

முதலில் ஒருவர் எழுந்தார். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். வந்து இடப்பக்கக் கண்ணாடியை மடக்கினார். இரண்டாமவர் எழுந்தார், வலப்பக்கக் கண்ணாடியை மடக்கினார். மூன்றாமவர் எழுந்து தம் நாற்காலியை நகர்த்தினார். நான்காமவர் எழாமலே நாற்காலியோடு நகர்ந்தார். மேல் மாடத்திலிருந்து ஓர் அம்மையார் வலப்பக்கம் திருப்பச் சொல்லிக் கையசைத்தார். கீழே நின்றவர்கள் இடப்பக்கம் திருப்பச் சொன்னார்கள். அதன்பின் அவர்களுக்குள்ளேயே வாதம் தொடங்கிவிட்டது. சபையோரே, அது நம்முடைய பட்டிமன்றத்துக்குச் சற்றும் குறையாத வாதம்: ஓர் அணி மேலே, ஓர் அணி கீழே, தீர்ப்புக்காகக் காத்து நிற்கும் கார் நடுவே! கடைசியில் கறுப்பு அங்கி அணிந்த மதகுரு ஒருவர் வந்தார், இரு கைகளையும் உயர்த்தினார், எல்லோரும் அமைதியானார்கள். அவருடைய கை காட்டிய அளவில் அங்குலம் அங்குலமாகக் காரைப் பின்னோக்கி எடுத்தேன். ஒரு கீறல் விழவில்லை.

வெளியே வந்ததும் போகலாம் என்று நினைத்தோம். விடவில்லை. கண்ணாடியை மடக்கியவர் இடப்பக்கம், நாற்காலியை நகர்த்தியவர் வலப்பக்கம். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு வந்தது. மாடத்திலிருந்த அம்மையார் மடியில் ஒரு தட்டோடு கீழே வந்து அமர்ந்தார். தட்டில் கீரை. என் அம்மா எட்டிப் பார்த்தார். நம் முளைக்கீரையின் இனம். அங்கே வ்லீத்தா என்று அதை அவித்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்கிறார்கள். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தட்டிலிருந்து கீரை ஆயத் தொடங்கினார். அம்மாவுக்குக் கிரேக்கம் தெரியாது, அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. எந்தத் தண்டை எறிவது, எந்தத் தண்டை வைத்துக்கொள்வது என்பதில் இருவருக்கும் ஒரு கருத்துவேறுபாடும் எழவில்லை. தட்டு முழுவதும் ஆய்ந்து முடித்த பிறகுதான் எங்கள் பயணம் தொடர்ந்தது.

ஐம்பது இருக்கைகள் கொண்ட சுற்றுலாப் பேருந்து அந்தச் சந்துக்குள் நுழைந்திருக்குமா? நுழையாது என்று சகோதரர் மகிழலாம். நுழையாததால் அந்த மதகுருவையும், அந்த நான்கு முதியவர்களையும், அந்தக் கீரைத் தட்டையும் அது தன் பயணிகளுக்குக் காட்டியிருக்கவும் முடியாது. நான் வேலையில் இருந்தேன் என்கிறார் அவர். அப்படிப்பட்ட வேலை எனக்கு ஆண்டுதோறும் கிடைக்கட்டும்.

சாலையோரங்களில் சிறிய கோயில் வடிவில் பெட்டிகள் நிற்கின்றன. உள்ளே எண்ணெய் விளக்கும் புனிதர் படமும், சிலவற்றில் இறந்தவரின் நிழற்படமும் இருக்கும். அவை விபத்துகளின் அடையாளம், ஆகவே காரோட்டுவது ஆபத்து என்றார் எதிரணியின் மூன்றாம் பேச்சாளர். விபத்தில் மாண்டவருக்காகவும் வைக்கிறார்கள், பிழைத்தவர் நன்றிக்காகவும் வைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளைக் காணும் சாரதி வேகத்தைக் குறைக்கிறார். ஒன்றின் அருகே நாங்களும் நிறுத்தினோம். அணைந்திருந்த விளக்கை அம்மா ஏற்றிவிட்டு வந்தார்.

மணி அடித்துவிட்டது என்று அறிகிறேன். இன்னும் ஓர் இடம் மட்டும் சொல்ல அனுமதி வேண்டும்.

ஹானியாவிலிருந்து தென்மேற்கே பலயோஹோராவுக்குப் போகும் வழியில் காந்தனோஸ் என்ற ஊர் இருக்கிறது. 1941 மே மாதத்தில் ஜெர்மானிய வான்குடைப் படை தீவில் இறங்கியபோது அந்தப் பகுதி மக்கள் எதிர்த்து நின்றார்கள். அதற்குப் பழிவாங்க, ஜூன் 3ஆம் திகதி ஊரைத் தரைமட்டமாக்கி மக்களைக் கொன்றார்கள். இனி ஒருபோதும் கட்டப்படாதபடி காந்தனோஸ் அழிக்கப்பட்டது என்று பலகையும் நாட்டினார்கள். அந்த வாசகங்களின் பிரதியை ஊர் மக்கள் தங்கள் நினைவிடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னேன். அம்மா யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் வெளியேறிய வீடு அதன்பின் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் பலருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மா அந்தக் கல்லைப் பார்த்தார், சுற்றி இருந்த வீடுகளைப் பார்த்தார், பிறகு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இவையள் திரும்பக் கட்டிட்டினமோ?"

"ஓம் அம்மா, கட்டிட்டினம்" என்றேன். 1960களில் ஜெர்மானிய இளைஞர்களே வந்து ஊருக்குத் தண்ணீர் வசதி அமைக்க உதவியதையும் சொன்னேன்.

"அப்ப கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவம்" என்றார்.

இருந்தோம். கடற்கரைக்குப் போகும் திட்டத்தைப் பிள்ளைகளே கைவிட்டார்கள். பலயோஹோராவுக்குச் செல்லும் பேருந்தும் அந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. அதில் வந்திருந்தால் அம்மா அந்த ஊரைக் கடந்திருப்பார், அவ்வளவுதான். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய், கட்டி முடித்த ஓர் ஊரில் தன் விருப்பப்படி அமர்ந்திருப்பதற்கு எந்தப் பேருந்தின் நேர அட்டவணையில் இடம் இருக்கிறது என்பதை எதிரணித் தலைவர் தம் தொகுப்புரையில் சொல்லட்டும். அவர் சொல்ல இயலாவிட்டால், நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்க வேண்டும். நன்றி, வணக்கம்.