வாயிற்காவலருக்கும் ஒரு பெயர் உண்டு

அவையின் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, குழந்தைகள் புத்தகம் என்றால் லாபக் கணக்குப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பும் பதிப்பாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, தலைமையாசிரியர்களே, கதைசொல்லி நண்பர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்துக்காக மூன்று மாதம் பள்ளி பள்ளியாகப் போய் அழைத்தவர் அவர். மேடையில் நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல், அதோ கதவோரம் நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுத் தொடங்குவோம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குழந்தைக் கதைகளில் எளியவர்களும் அரசர்களும்'. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அரசனுக்கு முன்னால் போய் நின்ற எளிய மனிதர்களை நம் கதைகள் எப்படிக் காட்டுகின்றன என்பது ஒன்று. அன்றாட வாழ்க்கையில் இருக்கும் வீரத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது இரண்டு. கதைப் புத்தகங்களில் வரையும் படங்கள் மூன்று.

என் பாட்டிக்கு ஒரு பழமொழி போதும், நாள் முழுக்க ஓட்டிவிடுவார்: 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது.' வகுப்பிலேயே குள்ளமாக இருந்த எனக்கு அதைச் சொல்லித்தான் தலைவாரி அனுப்புவார். இன்றைக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

முதலில் ராஜாக்கள். பிள்ளைகள் கேட்கும் ராஜா கதைகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். ராஜா மாறுவேடம் போட்டு இரவில் நகர்வலம் போவார். வழியில் ஒரு குடிசை. ஒரு கிழவி தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பாள். விடிந்ததும் அரண்மனைக்கு அழைத்துப் பொற்காசு மூட்டை. கதை முடிந்தது. ராஜாவுக்குப் பெயர் உண்டு, குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு. கிழவிக்கு? 'ஒரு கிழவி', அவ்வளவுதான். வந்தவர் யார் என்றே தெரியாமல் நடுராத்திரியில் கதவைத் திறந்தாளே, அந்தத் துணிச்சலைக் கதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறது. பிள்ளையின் மனசில் தங்குவது பொற்காசு. நல்லது செய்தால் ராஜா பார்ப்பார், பார்த்தால் பரிசு கொடுப்பார் என்ற கணக்கு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் பழைய பாட்டு இப்படிப் பேசவில்லை. புறநானூற்றில் 46ஆம் பாட்டு. பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானையை விட்டுக் கொல்லப் பார்க்கிறான் சோழன் கிள்ளிவளவன். புலவர் கோவூர் கிழார் குறுக்கே போய் நிற்கிறார். படை இல்லை, பதவி இல்லை, நாக்கு ஒன்றுதான். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன் என்கிறார். இவர்கள் புலவர்களோடு பகுத்து உண்டவர்களின் பிள்ளைகள் என்கிறார். அப்புறம் ஒன்று சொல்கிறார், எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். யானையைக் கண்டதும் அந்தக் குழந்தைகள் அழுகையை மறந்துவிட்டார்களாம். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்களாம். பிள்ளை வளர்த்த யாருக்கும் இது பொய்யில்லை என்று தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று பாட்டை முடிக்கிறார். கெஞ்சவில்லை, பாருங்கள்.

யானை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1957 அக்டோபர் 2, தில்லி ராம்லீலா மைதானம். நேரு இருந்த நிகழ்ச்சியில் பந்தல் தீப்பிடித்தது. பதினான்கு வயதுச் சாரணச் சிறுவன் ஒருவன் கம்பத்தில் ஏறி, தன்னிடமிருந்த கத்தியால் எரிகிற துணியை அறுத்துவிட்டான். குழந்தைகளுக்கான தேசிய வீர விருது பிறந்தது அந்தச் சம்பவத்திலிருந்துதான். விருது வாங்கிய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் குடியரசு நாள் அணிவகுப்பில் யானை மேல் உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். ஒரு காலத்தில் யானைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளைகள், இன்னொரு காலத்தில் யானை மேல் பிள்ளைகள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது.

இப்போது ஒரு சம்பவம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதி கொடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு. மோசிகீரனார் கதையை எடுத்தேன். நடந்து களைத்த புலவர் அரண்மனைக்குள் வருகிறார். முரசு வைக்கும் கட்டில் காலியாக இருக்கிறது. முரசை நீராட்ட எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கட்டிலில் எண்ணெய் நுரையை அள்ளி வைத்த மாதிரி மெத்தென்று பூ. படுத்தார், தூங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவனை வாளால் இரண்டு துண்டாக்கலாம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளைத் தொடவில்லை. கவரியை எடுத்துப் புலவருக்கு வீசுகிறான். நான் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டையே கவரியாக்கி வீசிக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணை மூடிக் காற்று வாங்கினார்கள்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "முரசைக் குளிப்பாட்ட எடுத்துட்டுப் போனவங்க பேரு என்ன?"

பாட்டில் இல்லையம்மா என்றேன்.

"சரி, அவங்க திரும்பி வந்தப்ப என்ன பண்ணினாங்க? கட்டில்லதான் ஆள் தூங்குதே. முரசு ரொம்பக் கனமா இருக்குமே?"

முப்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். எனக்கு ஒரு நாளும் தோன்றாத கேள்வி. அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. கீழே வைத்திருப்பார்கள் என்றான் ஒருவன். கீழே வைத்தால் 'டம்' என்று சத்தம் வரும், தாத்தா எழுந்துவிடுவார் என்றான் அடுத்தவன். அப்படியானால் தோளிலேயே தாங்கிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று தீர்ப்பு ஆனது. எத்தனை பேர் வேண்டும்? நாலு பேர் எழுந்து பெஞ்சைத் தூக்கிப் பார்த்தார்கள். கை நடுங்க எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். தொண்ணூற்று இரண்டு வரை எண்ணியதும் பெஞ்சு தரைக்கு வந்துவிட்டது. புலவர் தூங்கி எழும் வரைக்கும் ராஜா விசிறினார் என்றால், அதுவரைக்கும் அவர்களும் நின்றார்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு வீரச் செயலை எழுதுங்கள், வாளும் ராஜாவும் வரக்கூடாது. அடுத்த வாரம் போனால் அந்தப் பெண் ஐந்து வரி எழுதி வைத்திருக்கிறாள். பெருமழை அன்று பள்ளி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். வடிகால் மூடியில் ஒரு பலகை பெயர்ந்துபோனது தண்ணீருக்குள் யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் தாத்தா தன் கம்பை அந்தப் பள்ளத்தில் ஊன்றிக்கொண்டு, கடைசிப் பிள்ளை வெளியேறும் வரை பக்கத்திலேயே நின்றார். ஐந்தாவது வரி இது: "அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதுகிறேன்."

கேட்டாள். பெயரைச் சொல்லிவிட்டு, ஏன் பாப்பா, ஏதாவது தப்பாகிவிட்டதா என்று பயந்து கேட்டாராம். பெயரைக் கேட்டால் தப்பு நடந்திருக்கிறது என்று நினைக்கும்படி ஒரு மனிதரை நாம் வைத்திருக்கிறோம். அவரிடம் அனுமதி வாங்காததால் அந்தப் பெயரை இந்த மேடையில் நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டில் இருக்கிறது.

கண்ணகி பாண்டியன் அரண்மனைக்குப் போகிறாள். அவள் முதலில் பேசுவது வாயிற்காவலனிடம்தான். ஒற்றைச் சிலம்போடு, கணவனை இழந்து, கொதித்து நிற்கும் ஒரு பெண். அவன் விரட்டவில்லை. அவள் வந்திருப்பதை உள்ளே போய் அரசனிடம் சொல்லி, அழைத்து வருகிறான். அவன் சொல்லாதிருந்தால் 'தேரா மன்னா' என்ற சொல் அரசன் காதில் விழுந்திருக்குமா? அவனுக்கும் பெயர் இல்லை. வாயிலோன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கதைகளும் இப்படித்தான். கிரேஸ் டார்லிங்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1838 செப்டம்பர் 7, இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகள். ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள், 22 வயது. அப்பாவோடு படகில் போனாள். பாறையில் தவித்த ஒன்பது பேர் அந்தப் படகால் பிழைத்தார்கள். விக்டோரியா மகாராணி 50 பவுண்டு அனுப்பினார். நாடெங்கும் அவள் படத்தை வரைந்தார்கள். நான்கே வருஷத்தில் காசநோயில் இறந்துபோனாள். ராணியின் பரிசைச் சொல்லும் குழந்தைகள் புத்தகங்கள் ஒன்றை விட்டுவிடுகின்றன. ஒரே நடையில் ஒன்பது பேரையும் ஏற்றப் படகில் இடமில்லை. இரண்டாம் நடையில் அப்பாவோடு துடுப்புப் போட்டவர்கள், முதல் நடையில் அப்போதுதான் உயிர் தப்பி வந்த மாலுமிகள். நனைந்த உடம்போடு, அதே அலைக்குள் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு ஒரு கதை வேண்டாமா? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா?

கல்வி அலுவலர் அம்மா இங்கே இருக்கும்போதே இதைக் கேட்டுவிடுகிறேன், அவர்கள் பொறுத்தருள வேண்டும். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் கணக்கு நடக்கும், இல்லையென்றால் தேர்வு நடக்கும். அந்த ஒரு பாடவேளையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. அதில் ஒரு கதை படிக்கட்டும். படித்த கதையில் பெயரில்லாத ஆள் யார் என்று தேடட்டும். பிறகு பள்ளியைச் சுற்றி, தெருவைச் சுற்றி, அப்படிப் பெயர் தெரியாத ஒருவரிடம் போய்ப் பெயரைக் கேட்டு, அவர் செய்ததை நூலகத்து நோட்டில் எழுதட்டும். நோட்டு அலமாரியில் கதைப் புத்தகங்களோடு இருக்கட்டும், அடுத்த வருஷப் பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள். எழுத்தாளர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த கதையில் ராஜா வரட்டும், ஆனால் தண்ணீர் கொடுக்கும் கிழவிக்குப் பெயர் வையுங்கள்.

படங்களைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. ஓவியர் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முரசுகட்டில் படம் போடும்போது ஓரத்தில் அந்த முரசைத் தாங்கி நிற்பவர்களையும் போடுங்கள்.

வாசலில் மேசைமேல் கோடு போட்ட நோட்டு நாற்பது வைத்திருக்கிறோம். பதிப்பாளர் ஐயா கொடுத்தவை, அவருக்கு என் நன்றி. தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். ஆறு மாதம் கழித்து இதே மண்டபத்தில், எழுதிய பிள்ளைகளே வந்து படிக்கவும், அவர்கள் யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் சம்மதித்தால் முன்வரிசையில் உட்காரவும் ஏற்பாடு செய்யத் தலைவர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.