வாரம் 20 மணி நேரம்: ஒரு குடியாத்தத்து அப்பாவோட கணக்குத் தாள்

(காட்சி: மேசை மேல கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மையில கணக்கு. கடைசி வரியில மட்டும் ரெண்டு அடித்தல்.)

இந்தத் தாளை எழுதினவர் குடியாத்தத்துல லுங்கி வியாபாரம் பண்ற ஒரு அண்ணன். பேர் வேணாம், கேட்டுட்டுத்தான் காட்டறேன். பையனுக்கு இங்கிலாந்துல ஒரு வருஷ எம்எஸ்சி கிடைச்சிருக்கு. பேங்க்ல லோன் பேசியாச்சு. தாள்ல மேல ஃபீஸ், அதுக்குக் கீழ வாடகை, சாப்பாடு. கடைசி வரி, "பார்ட் டைம், வாரம் 40 மணி". மேல இருக்கற அத்தனை செலவும் அந்த ஒத்தை வரி மேலதான் நிக்குது.

"40 யாருண்ணே சொன்னாங்க?"

"புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆபீஸ்ல சொன்னாங்க தம்பி. ரூல்ல 20 தானாம். மீதி 20 கையில காசா வாங்கிக்கலாமாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்."

இன்னைக்கு அந்த 40-ஐத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

இங்கிலாந்துல மாணவர் விசாவுல டிகிரி, அதுக்கு மேல படிக்கறவங்க பாடம் நடக்கற காலத்துல வாரம் 20 மணிதான் வேலை பார்க்கலாம். டிகிரிக்குக் கீழ உள்ள படிப்புன்னா 10 தான். வாரம்னா திங்கள்ல தொடங்கி ஞாயிறுல முடியும். ஒரு கடையில 12 மணி, இன்னொரு கடையில 12 மணின்னு போனா ரெண்டு முதலாளிக்கும் தெரியாம இருக்கலாம். ஆனா நீங்க 24 மணி செஞ்சாச்சு, விதி மீறியாச்சு. "போன வாரம் 14 தானே செஞ்சேன், இந்த வாரம் 26, சராசரி 20"ன்னு சொல்லவும் முடியாது. அங்க சராசரி கிடையாது. ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கணக்கு. சம்பளம் இல்லாம ஒரு ஆபீஸ்ல வேலை பழகப் போறதும் இந்த 20-க்குள்ள வரும்.

அடுத்தது, சொந்தத் தொழில் கூடவே கூடாது. இதை நம்ம பசங்க ரொம்ப லேசா எடுத்துக்கறாங்க. உணவு டெலிவரி ஆப்புல ஓடறது பெரும்பாலும் சுயதொழில் கணக்கு. வேற ஒருத்தர் கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டினா அது இன்னும் பெரிய வம்பு. ஹாஸ்டல்ல ஆம்பூர் பிரியாணி தம் போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து விக்கறதும் சுயதொழில்தான். அங்க உக்காந்துக்கிட்டு என்னை மாதிரி சேனல் நடத்தி விளம்பரக் காசு வாங்கினா? அதுவும்தான். நான் வேலூர் சத்துவாச்சாரியில இருந்து பேசறதால தப்பிச்சேன்.

இப்ப நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் விழற குழிக்கு வருவோம். "லீவுல முழு நேரம் வேலை பார்க்கலாம்"னு கேட்டிருப்பீங்க. உண்மைதான். மூணு வருஷ டிகிரி படிக்கறவங்களுக்கு ஜூன் மாதிரி நேரத்துல பெரிய விடுமுறை உண்டு. ஆனா இங்கிருந்து போறவங்கள்ல நிறைய பேர் ஒரு வருஷ மாஸ்டர்ஸ். வகுப்பு மே, ஜூன்ல முடியும். அதுக்கப்புறம் ஆய்வறிக்கை எழுதற காலம். வகுப்பு இல்லைங்கறதால பையன் லீவுன்னு நினைச்சுக்கறான். பல்கலைக்கழகக் கணக்குல அது படிப்புக் காலம். கல்லூரி வளாகமே காலியா இருக்கும், அப்பவும் 20 மணிதான். கோர்ஸ் முடியற தேதின்னு பல்கலைக்கழகம் அதிகாரப்பூர்வமா ஒண்ணு கொடுத்திருக்கும். அதைத் தாண்டி விசாவுல மிச்சம் இருக்கற நாள்லதான் முழு நேரம். அதனால முதல் வேலை, பல்கலைக்கழகத்தோட சர்வதேச மாணவர் பிரிவுக்கு மெயில் போட்டு உங்க கோர்ஸோட டெர்ம் தேதியை எழுத்துல வாங்கி வெச்சுக்கறது. வேலை கொடுக்கறவங்களும் அதைக் கேப்பாங்க.

(காட்சி: வெள்ளைப் பலகை.)

சரி, அந்த 20 மணிக்கு எவ்வளவு வரும்? 2026 ஏப்ரல்ல இருந்து 21 வயசு நிறைஞ்சவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. இருபதால பெருக்கினா வாரம் 254 பவுண்டு சொச்சம். ஒரு வாரம் விடாம வருஷம் முழுக்க செஞ்சா மாசத்துக்குச் சுமார் 1,100. இப்போ விசா விதியையே எடுங்க. லண்டனுக்கு வெளிய தங்கற மாணவர் மாசம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாசத்துக்குப் பணம் காட்டணும். லண்டன்னா 1,529. அந்த அரசாங்கமே வாழறதுக்கு இவ்வளவு வேணும்னு போட்ட தொகையை, 20 மணி வேலை எட்டலை. இதுல லோன் தவணை எங்க கட்டறது?

இதுவும் வேலை கிடைச்சாத்தான். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம வேலூரைச் சொல்லுவாங்களே, அந்த வரிசையில வேலை இல்லாத 20 மணியையும் சேர்த்துக்கலாம். செய்யலாம்னு அனுமதிதான் கொடுத்திருக்காங்க. கடைக்காரர் கூப்பிடுவார்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

அப்போ அந்த "கையில காசு" 20 மணி? 2016 குடியேற்றச் சட்டப்படி அனுமதி இல்லாம வேலை செய்யறது குற்றம். வாங்கின கூலியையே பறிமுதல் பண்ணலாம். முதலாளிக்கு 2024 பிப்ரவரில இருந்து ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரைக்கும் அபராதம், திரும்ப மாட்டினா 60,000 வரைக்கும். இவ்வளவு அபராதத்துக்குத் துணிஞ்சு ஒருத்தர் உங்க பையனை வேலைக்கு வெச்சா, அவர் முழுக் கூலி கொடுப்பாரா? கொடுக்கலைன்னா பையன் எங்க போய்ப் புகார் சொல்லுவான்?

மத்த நாடுகளை ஓடிப் பார்த்துடுவோம். கனடாவுல 2024 நவம்பர்ல இருந்து கல்லூரிக்கு வெளிய வாரம் 24 மணி. அதுக்கு முன்னாடி, 2024 ஏப்ரல் கடைசி வரைக்கும், நிறைய பேருக்கு வரம்பைத் தற்காலிகமா தூக்கி வெச்சிருந்தாங்க. "கனடாவுல எவ்வளவு வேணா வேலை பார்க்கலாம்"னு உங்க வாட்ஸ்அப்புக்கு வர்ற வீடியோ அந்தக் காலத்துது. தேதி பாருங்க. ஜெர்மனியில மணிக்குப் பதிலா நாள் கணக்கு: வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லைன்னா 280 அரை நாள். அமெரிக்காவுல முதல் கல்வியாண்டுல பொதுவா வளாகத்துக்குள்ள மட்டும், அதுவும் பாடம் நடக்கறப்ப வாரம் 20.

ஆஸ்திரேலியாவுல மட்டும் கொஞ்சம் நில்லுங்க. அங்க ரெண்டு வாரத்துக்கு 48 மணி. முதல் வாரம் 20, ரெண்டாவது 28, கூட்டினா 48, சரி. மூணாவது வாரமும் 28 செஞ்சா? ஒவ்வொரு திங்களும் ஒரு புது பதினாலு நாள் தொடங்குது. அதனால ரெண்டாவதும் மூணாவதும் சேர்ந்து 56. மாட்டிக்கிட்டீங்க. கேலண்டரை ரெண்டு ரெண்டு வாரமா வெட்டி வெச்சுக்கிட்டா இது கண்ணுக்கே தெரியாது.

வெளிநாட்டுக்காரங்க மட்டும்தான் இவ்வளவு கெடுபிடின்னு நினைக்காதீங்க. விஐடியில படிக்க வந்திருக்கற வெளிநாட்டுப் பசங்களைக் காட்பாடி பக்கம் பார்த்திருப்பீங்க. நம்ம நாட்டு மாணவர் விசாவுல அவங்க இங்க ஒரு டீக்கடையில கூட சம்பளத்துக்கு நிக்க முடியாது. வாரம் 20-ங்கறதே நம்மகிட்ட இல்லை.

(காட்சி: மறுபடி அந்தத் தாள்.)

இதெல்லாம் சொன்னப்ப அண்ணன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஆகஸ்ட்லயும் 20 தானா தம்பி?"ன்னார்.

"20 தாண்ணே."

பேனா எடுத்து 40-ஐ அடிச்சார். 20 எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வேலை கிடைக்கவே ரெண்டு மாசம் ஆகும்ல"ன்னு அதையும் அடிச்சார். லோன் கட்ட எப்போ ஆரம்பிக்கணும், படிக்கற காலத்து வட்டி எவ்வளவுன்னு பேங்க்ல இன்னும் கேக்கவே இல்லையாம். குடியாத்தம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்தவர்கிட்ட தாளை நீட்டினேன். வாங்கலை. வேற தாள்ல மொதல்ல இருந்து போடணும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.