புது ஊக்குநரிடம் நோட்டைக் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் சுய உதவிக் குழு என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை, உங்கள் வீட்டிலேயே அம்மாவோ அண்ணியோ ஒன்றில் இருப்பார்கள். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள்தான், தொடங்கிய வேலை இது. 12 முதல் 20 பேர், அதில் கூட்டம் நடத்திக் கணக்கு எழுதும் ஒருவர் ஊக்குநர். அந்தப் புது ஊக்குநரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆள் மாற்றித் தேர்ந்தெடுத்துவிடுகிறோம், சரி. ஆனால் குழுவின் கணக்கு நோட்டு மட்டும் பழைய ஊக்குநர் வீட்டிலேயே இருக்கும். "அதுக்கு எழுத வராது, பாவம், நானே எழுதிடறேன்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் புதியவர் கையெழுத்து போடுவதோடு நின்றுவிடுகிறார்.

ஒரு கிராமத்தில் புது ஊக்குநர் நடத்திய முதல் கூட்டம். எட்டாவது வரை படித்தவர். வசூலை எண்ணினால் தொகை சரியாகத்தான் இருக்கிறது, நோட்டில் சேமிப்பு மட்டும் 50 ரூபாய் கூடுகிறது. பழையவர் உடனே நோட்டுக்குக் கை நீட்டினார். இருங்கம்மா, அவங்களே பார்க்கட்டும் என்றேன். எல்லோரும் காத்திருந்தோம், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள்கூட. ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனவர், ஒரு அக்கா கட்டிய கடன் வட்டியைச் சேமிப்புப் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் வங்கிக்குப் போனபோது, உள்கடன், அதாவது குழு தன் உறுப்பினர்களுக்கே கொடுத்த கடன், எவ்வளவு நிலுவை என்று மேலாளர் கேட்டதும், பழையவர் வாயைத் திறக்கும் முன்பே இவர் பதில் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

வங்கி பார்ப்பதும் அதைத்தானே. 1992-ல் நபார்டு என்கிற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கத் திட்டம் போட்ட காலத்திலிருந்தே, ஈடு இல்லாமல் கடன் கொடுக்க அவர்கள் நம்புவது ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன் திரும்பி வருவது, இதெல்லாம் எழுதிய நோட்டு. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், தப்பாக எழுதினாலும் புதியவரே எழுதட்டும், பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கு மட்டும் சொல்லட்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தொழிலில் விலை வைப்பது பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய் போட்டு விற்கும் குழுக்கள் மாங்காய், எண்ணெய், பாட்டில் செலவை எழுதுகிறீர்கள், உங்கள் கூலியை எழுதுவதில்லை. பஸ் செலவையும் விட்டுவிடுகிறீர்கள். அடுத்த கூட்டத்திலேயே அந்த இரண்டையும் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.